வளைவும் நேர்பாதையும்

குத்துச்சண்டையில் எடை வாரியாகப் பிரித்தே ஆள்களை மோதவிடுகின்றனர். வலியவனையும் மெலியவனையும் ஒரே களத்தில் இறக்குவது அநீதி என்பது நம் பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தைப் பொருட்படுத்தாத விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே பழைய சலூன் கார்களின் பந்தயம். இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் 1998இல் தொடங்கிய பழங்காலப் பந்தய விழாவில், 1950, 60களின் குடும்பக் கார்கள் கலந்தே ஓடுகின்றன. அமெரிக்காவின் ஃபோர்டு கேலக்ஸி ஏழு லிட்டர் எஞ்சின் கொண்ட மாமிசமலை. அதனருகே நிற்கும் பிரிட்டிஷ் மினி கூப்பர் சுமார் மூன்று மீட்டர் நீளமே உடையது. எஞ்சினோ 1,275 சி.சி.

நேர்பாதையில் கேலக்ஸி பறந்துவிடும். வளைவு நெருங்கியதும் தன் பாரத்தாலேயே முன்கூட்டி வேகம் தணிக்க வேண்டும். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் இலேசான மினியோ வேகம் அதிகம் குறையாமல் புகுந்து வெளிவரும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுவோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் இரைந்து முந்திய பேருந்து கொண்டையூசி வளைவில் திணறுகையில், மோட்டார் சைக்கிள்காரர் ஒதுங்கி ஏறிவிடுவார்.

ஆயினும் மகுடம் யாருக்கு? பிரிட்டிஷ் சலூன் கார் போட்டியில் புள்ளிகள் எஞ்சின் அளவுப் பிரிவு வாரியாக வழங்கப்பட்டன. அதனால்தான் 1962இல், 3.8 லிட்டர் ஜாகுவார்கள் முன்னே பாய்ந்தபோதும், 997 சி.சி. மினியில் ஓடிய ஜான் லவ் அவ்வாண்டின் வீரரானார். இது சலுகையா, நீதியா? அரிஸ்டாட்டில் எண்ணளவுச் சமத்துவத்தையும் விகிதச் சமத்துவத்தையும் வேறுபடுத்தினார். புனித தோமா அக்குவினாரும் அதை ஏற்றார். பகிர்வு நீதிக்கு உரியது பின்னதே. லவ்வின் மகுடம் அவ்வகையில் நேர்மையானது என்பேன். ஆனால் பிரிவுக்கோட்டை எங்கே கிழிப்பது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நம் சோழவரத்திலும், போர்க்கால விமான ஓடுதளத்தில், 1,489 சி.சி. அம்பாசிடரும் 1,089 சி.சி. ஃபியட்டும் 948 சி.சி. ஹெரால்டும் ஓடிய காலம் இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய களம் திறக்கப்பட்டது. அதே 1990இல்தான் தமிழக அரசு பழங்குடியினருக்கென 1 விழுக்காடு தனி இடஒதுக்கீடு செய்தது. கல்வராயன் மலையின் மலையாளி மக்களும் அதில் அடங்குவர். மினியின் வெற்றியை மெச்சுவோர் சிலர், மலைக் கிராமத்துப் பிள்ளை குறைந்த மதிப்பெண்ணில் கல்லூரி இடம் பெற்றால் தரம் போயிற்று என்கின்றனர். எஞ்சினின் சி.சி.யைக் கணக்கில் கொள்ளும் மனம், பள்ளிக்கு நடந்த தொலைவையும் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் தானே என்பதையும் கொள்ள மறுப்பதேன்?

விகிதக் கணக்கையும் தாண்டிய ஒரு தீர்ப்பு அப்போட்டியின் முதல் ஆண்டான 1958இல் கிடைத்தது. ஜாக் சியர்ஸும் டாமி சாப்வித்தும் சமப் புள்ளிகள் பெற்றனர். காசு சுண்டிப் பார்க்கலாம் என்ற யோசனையை இருவருமே விரும்பவில்லை. ஒரே மாதிரியான இரண்டு ரைலி கார்களைக் கொண்டுவந்து பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் ஐந்து சுற்று ஓட்டச் செய்தனர். பிறகு கார்களை மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து சுற்று. ஒன்றுபோலத் தோன்றும் இரு வண்டிகளுள்ளும் ஒன்று சற்றே மேலானதாக இருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கும் அவர்கள் இடமளித்தது என்னை வியக்கவைக்கிறது. மொத்த நேரத்தில் 1.6 வினாடி முந்திய சியர்ஸ் வென்றார்.

வெள்ளிமலைப் பிள்ளையும் கள்ளக்குறிச்சிப் பிள்ளையும் வீடு மாற்றிக்கொண்டு மறுதேர்வு எழுத வழியில்லை. ஆகவே அந்த 1 விழுக்காட்டைப் பற்றிப் பேசுமுன், அந்த மறு ஐந்து சுற்றுகளை மனத்தளவிலேனும் நாம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.