பேனா உயர்த்தப்படாதவர்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்காகத் திருத்தணி சென்றிருந்தோம். விருந்து முடிந்து எல்லோரும் கலையும் இரவு நேரம். நமக்கு மிக வேண்டிய குடும்பத்து வாலிபர் ஒருவர் கார்ச் சாவியுடன் புறப்பட்டார். அவர் பேசும்போதே வாடை வீசியது. “தம்பி, இந்த நிலையில் வண்டியைத் தொட வேண்டாம்” என்றோம். அவர் சிரித்தார்.

“ஹஸ்ரத், இது பழைய கார் இல்லை. குறுக்கே எது வந்தாலும் தானே பிரேக் போடும். கோட்டைத் தாண்டினால் தானே திரும்பிக்கொள்ளும். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.”

பக்கத்தில் நின்ற அவருடைய அத்தா தலையைக் குனிந்துகொண்டார். உற்றார் உறவினர் முன்னிலையில் மானம் போகுமே என்ற கவலை அவருக்கு! அப்போது அவருடைய நன்னி எழுந்து வந்து, “கார் தானே போகுமென்றால் அது போகட்டும், நீ இங்கே இரு” என்று சொல்லிச் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

அந்தக் கருவிகளை நாம் குறை கூறவில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னே ஒரு கேமராவும் வண்டியின் முகப்பில் ரேடாரும் வைத்து, முன்னால் போகும் வண்டியையும் சாலைக் கோட்டையும் பார்க்கின்றன. விழித்திருக்கும் ஓட்டுநருக்கு அவை நல்ல துணை. ஆனால் பொறியாளர்கள் இவற்றைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படி பிரித்திருக்கிறார்கள். நம் குடும்பங்கள் வாங்கும் கார்களில் இருப்பவை இரண்டாம் படி வரைதான். அந்தப் படியில் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் மனிதனுடையதே. பெருமழையிலும் எதிர்வெயிலிலும் கேமரா தடுமாறும். கோடு அழிந்த சாலையில் அது எதைப் பிடித்துச் செல்லும்?

சென்னையிலிருந்து திருத்தணியைக் கடந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் அந்தச் சாலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர் வரும். மாடு குறுக்கே வரும். ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடி சுமந்து வெறுங்காலோடு மலைக்கு நடந்து வரும் ஜனங்கள் சாலையோரமெங்கும் இருப்பார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. “இனி நீயே ஓட்டு” என்று கருவி மணியடித்துக் கைவிடும் அந்த விநாடியில், போதையில் இருப்பவனின் கை எழுமா?

2018 நவம்பர் 30 அதிகாலையில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த காரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். போலீசாரின் விளக்குக்கும் சைரனுக்கும் கார் நிற்கவில்லை. துணைக் கருவி அதை ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஊகித்த போலீசார், அதன் முன்னால் தங்கள் வண்டியைக் கொண்டுபோய் மெல்ல மெல்ல வேகம் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். குடிபோதையில் ஓட்டினார் என்ற சந்தேகத்தின் பேரில் கைதானவர் அந்த மனிதர். காரை யாரும் கைது செய்யவில்லை!

இங்கேதான் நமது மார்க்கத்தின் நுட்பம் விளங்குகிறது. தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவர் தெளியும் வரை அவர்களிடமிருந்து பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. அந்த மூவரில் குடித்தவன் இல்லை. தன் விருப்பத்தால் அறிவை இழந்தவனுக்கு அது மன்னிப்பாகாது என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. இரும்புக்கோ ஏடும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆகவே கணக்கு முழுவதும் ஸ்டீயரிங்கின் பின்னால் இருப்பவருக்கே.

தவறுதலாக ஒரு மூமினைக் கொன்றவர்கூட நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அடிமையை விடுதலை செய்ய இயலாதபோது இரண்டு மாதம் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும் என்று சூரத்துன் னிஸா விதிக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியதைத் ‘தவறுதல்’ என்று சொல்ல நாவு எழுமா? ஒரு உயிரை அநியாயமாகப் பறிப்பது மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பாகும் என்கிறது சூரத்துல் மாயிதா. காவடி சுமந்து வருபவரும் அந்த மனிதகுலத்தில் உள்ளவரே.

நாட்டுச் சட்டம் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவை எல்லையாக வைத்திருக்கிறது. அதை மீறினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நமக்கோ அந்த 30-ம் இல்லை. அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் ஒரு துளியும் ஹராம்.

“எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை” என்று எத்தனை வீடுகள் வாடை தெரிந்தும் மௌனமாக இருக்கின்றன! மானத்துக்கு அஞ்சி மூடி வைத்தது ஒருநாள் மய்யித்தாக வாசலில் வந்து இறங்கினால், அன்று எந்த மானம் மிஞ்சும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே பெரியவர்களே, சாவியை வாங்குங்கள். ஆனால் கதவைச் சாத்தாதீர்கள். படுக்க இடம் கொடுங்கள். காலையில் அருகில் அமர்ந்து அன்போடு பேசுங்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. விட முடியாமல் தவித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

அந்த வாலிபர் மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் நன்னியின் காலடியில் அமர்ந்து அழுததை நாம் கண்டோம். சாவி இன்னமும் முந்தானை முடிச்சில்தான் இருந்தது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் அறிவையும், அவர்கள் செல்லும் சாலையில் நடப்போரின் உயிரையும் காத்தருள்வானாக! ஆமீன்.