கொடுத்த வாக்கும் அளித்த வாக்கும்

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருவர்க்கு நாம் தரும் உறுதிமொழியும் வாக்கு. தேர்தலிலும் மன்றத்திலும் நாம் தெரிவிக்கும் விருப்பமும் வாக்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்குமாயின் எது வெல்ல வேண்டும்? பெரும்பான்மையோர் அளித்த வாக்கு, முன்னர்க் கொடுத்த வாக்கை அழித்துவிடலாமா? மக்களாட்சியில் வாழ்வோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1963ஆம் ஆண்டு டிசம்பரில் கென்யா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அங்கு வணிகராகவும் எழுத்தராகவும் கைவினைஞராகவும் வாழ்ந்த இந்திய வழியினர் பலர்க்குக் கென்யக் குடியுரிமை கோர இரண்டாண்டு தவணை வழங்கப்பட்டது. பலர் கோரவில்லை; பிரிட்டிஷ் குடியுரிமையையே வைத்துக்கொண்டனர். பிரிட்டனின் 1962ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், பிரிட்டிஷ் அரசே வழங்கிய கடப்பிதழ் உடையாரைக் கட்டுப்படுத்தவில்லை. ஆதலின், இன்னல் நேரின் செல்ல ஓரிடம் உண்டு என அவர்கள் நம்பினர். அடையாள அட்டையின் நிறத்தால் வாழ்வே மாறக் கண்ட நம் தோட்டப்புற மக்களுக்கு, இத்தகைய தாளொன்றின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1967இல் கென்ய அரசு, குடியுரிமை இல்லாதார் தொழில் புரியவும் வணிகம் நடத்தவும் கட்டுப்பாடுகள் விதித்தது. பிழைப்பு இழந்தோர் லண்டனுக்கு விமானம் ஏறினர். 1968 பிப்ரவரியில், பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொணர்ந்தார். கடப்பிதழ் மட்டும் போதாது. அதனை உடையாரோ, அவர்தம் பெற்றோர், பாட்டன், பாட்டி ஆகியோருள் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருத்தல் அல்லது அங்குக் குடியுரிமை பெற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிப்ரவரி 27ஆம் நாள் மக்களவையில் 372 பேர் அதனை ஆதரித்தனர். 62 பேர் எதிர்த்தனர். மார்ச் 1ஆம் நாள் அது சட்டமாயிற்று. நிறம் என்னும் சொல் அதில் இல்லை. ஆயினும், கென்யாவில் வாழ்ந்த வெள்ளையர் பெரும்பாலார்க்குப் பிரிட்டனில் பிறந்த பாட்டன் இருந்தார். இந்திய வழியினர்க்கு அப்படியொருவர் இல்லை.

ஆதரித்தோர் அனைவரும் கொடியவர் அல்லர். குறுகிய காலத்தில் பலர் வந்து சேர்ந்தால் வீடுகளும் பள்ளிகளும் போதா. இனப்பூசல் மூளும் என அவர்கள் அஞ்சினர். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமொன்றையும் அதே அரசு அதே ஆண்டில் இயற்றியது. தொகுதி மக்களின் கவலையை எடுத்துரைத்தல் உறுப்பினர் கடமையன்றோ? எவரை உள்ளே ஏற்பது என முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டன்றோ?

உண்டு. ஆயின் அவ்வுரிமை அயலாரைப் பற்றியது. இவர்களோ அந்நாட்டின் கடப்பிதழை ஏந்தியவர்கள். இதனைக் குறித்து, காலனி நாடுகளுக்கான அமைச்சராக முன்பு இருந்த இருவர், ஒரே கட்சியினராயிருந்தும் மாறுபட்டனர். கென்யா விடுதலை பெற்றபோது அப்பதவியில் இருந்த டங்கன் சாண்டிஸ், அத்தகைய உரிமை கருதப்படவே இல்லை என்று கூறிக் கட்டுப்பாட்டிற்காக வாதாடினார். அவருக்கு முன் அப்பதவி வகித்த இயன் மெக்லியோட், அறிந்தே அளித்த உறுதி அது என எழுதினார்; தம் கட்சித் தலைமையின் நிலைக்கு மாறாக எதிர்த்து வாக்களித்தார்.

மெக்லியோட் நின்ற இடமே அறத்தின் இடம் என்பது என் கருத்து. காரணம் இரண்டு. முதலாவது, காப்பதற்கு எளிதாயிருக்கும்போது மட்டும் காக்கப்படுவது உறுதிமொழி ஆகாது. இடர்வரும் நாளுக்காகவே அது கொடுக்கப்படுகிறது. இரண்டாவது, வரிச்சட்டம் கொடிதாயின் வரி செலுத்துவோர் அடுத்த தேர்தலில் ஆட்சியை மாற்றலாம். நைரோபியில் கடையை மூடிவிட்டு நின்றவர்க்கோ பிரிட்டனின் எத்தொகுதியிலும் வாக்கில்லை. அவருக்கிருந்த ஒரே காவல் உறுப்பினரின் மனச்சான்று. அக்காவலும் உறங்கின், பெரும்பான்மை வெறும் எண்ணிக்கையாகிவிடும்.

பின்விளைவுகளையும் நோக்குக. குடும்பத் தலைவர்க்கென ஆண்டுக்கு 1,500 அனுமதிச் சீட்டுகளே முதலில் ஒதுக்கப்பட்டன. இச்சட்டம் இனப்பாகுபாடு உடையது என்றும், சிறுமைப்படுத்தும் நடத்தை ஆகும் என்றும் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1973இல் கண்டது. வேறு குடியுரிமை ஏதுமற்று எஞ்சியோர், பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிந்துகொள்ள அதே நாடாளுமன்றம் 2002இல் வழிசெய்தது. மூன்று நான்கு நாளில் மூடிய கதவைத் திறக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை முதியோர் காத்திருந்தே மறைந்திருப்பர்!

மாணவர் மன்றத் தேர்தலில் கைகளை எண்ணக் கற்பிக்கிறோம், அது வேண்டியதே. முடிவெடுக்குமுன் இன்னும் இரண்டு வினாக்களைக் கேட்கவும் நாம் பழக்க வேண்டும். இம்முடிவால் துன்புறக் கூடியவர் இந்த அறையில் இருக்கிறாரா? இல்லையெனில், அவர் சார்பில் பேசப்போவது யார்?