சார்ந்திருத்தலின் அறம்

பலர் ஒரு பொருளையே சார்ந்து வாழுங்கால், அப்பொருளை மாற்ற முற்படுபவருக்குரிய கடமை யாது? எவருக்கும் இடையூறு நேராதபடி பழையதைப் பழையபடியே விட்டுவைப்பதா? அன்றித் தேவை கண்டவிடத்து மாற்றிவிடுவதா? பழமையான இவ்வினா இன்று கணினித்துறையில் நாள்தோறும் எழுகின்றது.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலுள்ள நாவற்குடா போன்ற ஊர்களில் வாழ்வோர் இவ்வினாவின் இயல்பை எளிதில் உணர்வர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அவ்வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடுவதுண்டு. மாரி வெள்ளம் வயல்களில் ஏறும்போது அதனை வெட்டிவிடுமாறு படுவான்கரை வேளாண்மைக்காரர் வேண்டுவர். வெட்டினால் நீர் வடியும்; உவர்நீரும் உட்புகும். மீனையும் இறாலையும் நம்பியிருப்போருக்கு உகந்த காலம் வேறாக இருக்கலாம். வாவி ஒன்றே, அதனிடம் வேண்டப்படுவனவோ வேறுவேறு.

பலருக்கு ஒரே வேளையில் சேவை வழங்கும் கணினியை வழங்கி என்பர். அதிலே மென்பொருள்கள் பொதிகளாக நிறுவப்படுகின்றன. ஒரு பொதி வேறு பல பொதிகளைச் சார்ந்தே இயங்கும். ஒரு பல்கலைக்கழக வழங்கியில் நூலக நிரலும் பரீட்சைப் பெறுபேற்று நிரலும் ஒரே துணைப்பொதியைச் சார்ந்துள்ளன எனக் கொள்க. நூலக நிரலைத் தரமுயர்த்தத் துணைப்பொதியின் இரண்டாம் பதிப்புத் தேவை. பெறுபேற்று நிரலோ முதலாம் பதிப்பின்றி இயங்காது. ஒரே இடத்தில் இரண்டிலொன்றே இருக்கமுடியுமாயின், பொதிகளை நிறுவும் கருவி பணியை நிறுத்தி, எது எதனை வேண்டுகின்றது என்பதைத் திரையிற் காட்டும்.

இம்மறுப்பினைப் பழுதெனக் கருதுவது தவறு. வேண்டப்படுவன ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற உண்மையையே கருவி கூறுகின்றது. மறுப்பைப் புறக்கணித்துக் கட்டாயமாக நிறுவும் கட்டளையும் உண்டு. அதனைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை மறையுமேயன்றி முரண்பாடு மறையாது. அது பிறிதொரு நாளில், பெறுபேற்றைக் காத்திருக்கும் மாணவர் முன்னிலையில் வெளிப்படும். தமது வசதிக்காக ஒருவர் செய்த முடிவின் விலையை, அம்முடிவை அறியாத மற்றொருவர் செலுத்த நேர்கின்றது. இவ்விடத்திலேயே தொழில்நுட்பப் பிரச்சினை அறப்பிரச்சினையாகின்றது.

அவ்வாறாயின், இயங்குவதைத் தொடாதிருத்தலே நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினிச் சேவையின் அனுபவம் இதற்கு விடையளிக்கும். அதன் மின்னஞ்சல் முறைமை, 2014 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பிலேயே தொடர்ந்து இயங்கிற்று. 2021 முதல் அதனைத் தரமுயர்த்த எண்ணியிருந்தும், நிதித் தட்டுப்பாடு முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று என அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அப்பதிப்புக்கு உற்பத்தி நிறுவனம் வழங்கிய ஆதரவு முடிவுற்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கப்பங்கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. தாமதத்திற்குக் காரணம் எதுவாயினும், அதன் சுமையைத் தாங்கியோர் அம்முகவரிகளைப் பயன்படுத்தியோரே. ஆகவே, மாற்றாதிருத்தலும் ஒரு முடிவே, அதற்கும் பொறுப்புண்டு.

சார்ந்திருப்போருக்குங் கடமையுண்டு. 2016 மார்ச்சில், பெயர் பற்றிய பிணக்கொன்றின் விளைவாக, ஒருவர் தாம் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அவற்றுள் ஒன்று பதினொரு வரிகளே கொண்டது. எனினும், அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. அவற்றை ஆக்கியோருட் பலர் அப்பொதியைச் சார்ந்திருந்ததையே அறியாதிருந்தனர். தம்முடையதை நீக்க அவருக்கு உரிமையில்லையா? வாக்குக் கொடாதவர்மீது கடமை எவ்வாறு சுமத்தப்படும்? இவ்வினாக்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவையல்ல. ஆயினும், பிறர் பயன்படுத்துமாறு ஒன்றைப் பொதுவில் வைப்பவர், மாற்றத்தை முன்கூட்டி அறிவிக்கும் அளவிலேனுங் கடமைப்பட்டவராவர். பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவோ 2020 தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. அவ்விடைக்காலம் சார்ந்திருந்தோருக்கு அளிக்கப்பட்ட அவகாசமாகும்.

எனவே, தரமுயர்த்துபவர் செய்யத்தக்கன தெளிவு. காப்புப்பிரதி எடுத்து, அதனை மீட்டெடுக்க முடிகின்றதா எனவும் சோதித்தல் வேண்டும். வழங்கியின் படியொன்றில் மாற்றத்தை முதலிற் பரீட்சித்தல் வேண்டும். முரண்படும் நிரல்களுக்கு அவற்றுக்குரிய பதிப்புகளுடன் தனித்தனிச் சூழல்களை அமைக்கலாம். அது இயலாதாயின், பாதிக்கப்படுவோரைக் கேட்டு நாள் குறிக்கவேண்டும். இவற்றுள் இறுதியானதே பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. கருவி திரையிற் காட்டுவது பொதிகளின் பெயர்களை மட்டுமே. அவற்றைச் சார்ந்து வாழும் மனிதரின் பெயர்களை அது காட்டாது. அவர்களைத் தேடி அறிதல் மாற்றஞ் செய்பவரின் கடமையாகும்.