யாரும் கேட்காத கேள்விக்காக

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு டைனோசர் பார்க்கத்தான் மகளைக் கூட்டிப்போனேன். பள்ளி விடுமுறை, வரிசை நீண்டு கிடந்தது. கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கிய சின்னக் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பறவை நின்றிருந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பறக்க உதவாத குட்டிச் சிறகு. பென்குயின் என்றாள். இல்லை, கிரேட் ஆக், வட அட்லாண்டிக்கில் இருந்தது, இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை என்றேன்.

"இதை யாருப்பா கொன்னாங்க?"

ஒன்பது வயது. எப்படிச் செத்தது என்று கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

கறிக்கும் இறகுக்கும் எண்ணெய்க்கும் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பறவையைக் கொன்றார்கள். பசி, வியாபாரம், அதையாவது விளங்கிக்கொள்ளலாம். கூச வைப்பது கடைசிக் கட்டம். பறவை அரிதானதும் அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்பாளர்களும் தோலுக்கும் முட்டைக்கும் விலை கொடுக்க ஆரம்பித்தார்கள். விலை ஏற ஏறப் பறவை இன்னும் அரிதானது. 1844 ஜூனில், ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே என்ற பாறைத்தீவில் ஒரு ஜோடியைப் பிடித்துக் கழுத்தை நெரித்தார்கள். கூடு கட்டியிருந்த கடைசி ஜோடி என்று பதிவாகியிருப்பது அதுதான். அவற்றின் உள்ளுறுப்புகள் இன்றும் கோபன்ஹேகனில் சாராய ஜாடிகளில் இருக்கின்றன. எதிரே நின்றது அந்த ஜோடியில் ஒன்றல்ல. அதனால் ஆறுதல் எதுவும் கிடைத்துவிடவில்லை.

பிற்பகல் ஸ்பிரிட் கலெக்‌ஷன் பார்க்கச் சீட்டு வாங்கியிருந்தேன். ஸ்பிரிட் என்றதும் மகள் ஆவி, பேய் என்று எதிர்பார்த்து வந்தாள். சாராயம்தான். அந்தக் கட்டடத்தில் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு அலமாரி, இரண்டு கோடியே இருபது லட்சம் உயிரினங்கள். கீழ்த்தள அறையின் நடுவே 2004-ல் ஃபாக்லாந்து தீவுகள் அருகே வலையில் சிக்கிய ராட்சதக் கணவாய், 8.62 மீட்டர். பீகிள் கப்பலில் போனபோது டார்வின் சேகரித்த மீன்களும் இருக்கின்றன, வெளுத்துப்போய், ஊறுகாய் மாதிரி. கண்ணுக்கு அழகாக ஒன்றும் கிடையாது. இது காட்சிக்கு வைத்ததல்ல, ஒரு நூலகம் என்றார் வழிகாட்டிப் பெண். உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து ஜாடியைத் திறந்து பார்த்து, அளந்து, துளி சதை வெட்டி எடுத்துப் போகிறார்களாம். சேகரித்தவர்கள் காலத்தில் டிஎன்ஏ என்ற சொல்லே கிடையாது.

ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு சீட்டு. எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது. அந்தச் சீட்டு தொலைந்தால் உள்ளே இருப்பது வெறும் செத்த மீன். கொலையைச் சாட்சியமாக்குவது அந்த இரண்டு அங்குலக் காகிதம்தான்.

எப்போதோ படித்த வல்லூறு முட்டைக் கதை அங்கே நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் காட்டுப் பறவைகளின் முட்டை திருடுவது ஒரு காலத்தில் கனவான்களின் பொழுதுபோக்கு. சின்னத் துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, ஓட்டைப் பஞ்சில் வைத்து, தேதி எழுதிப் பூட்டுவார்கள். 1950-களின் கடைசியில் பெரிகிரின் வல்லூறுகள் சரசரவென்று குறைந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் சேகரிப்பாளர்களின் பெட்டிகளைத் திறந்து, பழைய ஓடுகளையும் புதிய ஓடுகளையும் எடை போட்டு, நீள அகலத்தோடு ஒப்பிட்டார். 1947 வாக்கில் ஓடு திடீரென்று மெலிந்திருந்தது. டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967-ல் அவர் இதை வெளியிட்டார். அமெரிக்காவும் தன் சேகரிப்புகளில் அதையே கண்டது. 1972-ல் அங்கே டிடிடிக்குப் பெரும்பாலும் தடை வந்தது. வல்லூறுகள் திரும்பி வந்தன.

அப்படியானால் முட்டைத் திருடர்கள் புண்ணியவான்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிடிடியை நினைத்து எவனும் கூட்டுக்கு ஏறவில்லை. ஆசைக்காக ஏறினான். ஆனால் தேதி எழுதி வைத்தான். பின்னால் வந்த நன்மை அந்தத் தேதியால் வந்தது. கூட்டிலிருந்து எடுத்த பாவம் அதனால் கழியாது, தனிக் கணக்காக நிற்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி நிகர லாபம் காட்டுவதில்தான் எனக்கு உறுத்தல்.

பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2015-ல் அமெரிக்க அருங்காட்சியக ஆய்வாளர்கள் குவாடல்கனால் தீவில் மீசை மீன்கொத்தி என்ற பறவையின் ஆணை முதல்முறையாகப் படமெடுத்தார்கள். பிறகு சேகரித்தார்கள், அதாவது, கொன்றார்கள். ஊரே திட்டியது. அங்கே அது அவ்வளவு அரிதல்ல, ஒன்றை எடுப்பதால் இனம் அழியாது, அந்த உடலிடம் நாளை கேட்கக்கூடிய கேள்விகள் ஏராளம் என்று விளக்கினார்கள். விளக்கத்தில் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இன்னும் யாரும் கேட்காத கேள்விக்காக எத்தனை உயிரை எடுக்கலாம்? எல்டேயில் தோலுக்கு விலை கொடுத்தவர்களும் அறிவுக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள். வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது, கவனத்தில் இருக்கிறது. கோடு எங்கே என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

தவளைகள் இருந்த ஜாடி ஒன்றின் முன்னால் மகள் நின்றுவிட்டாள். "நீ காலேஜ்ல தவளை வெட்டியிருக்கேன்னு அம்மா சொன்னாளே?"

வெட்டியிருக்கிறேன். விலங்கியல், மூன்று வருடம். சாக்கில் உயிரோடு வரும். குளோரோஃபார்ம் வாளியில் போட்டு மூடுவோம். மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி, இதயம், குடல், நரம்பு என்று பார்த்துப் படம் வரைந்து மார்க் வாங்குவோம். சாயங்காலம் அட்டெண்டர் எல்லாவற்றையும் வாரிப் பின்பக்கக் குழியில் கொட்டுவார். ஒவ்வொரு வருடமும் அதே தவளை, அதே படம், விடை ஏற்கெனவே புத்தகத்தில் அச்சாகியிருந்த கேள்வி.

"எத்தனைப்பா?"

"முப்பது, நாப்பது இருக்கும்."

"எந்த ஊர்த் தவளை?"

தெரியவில்லை. சாக்கு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. புத்தகத்தில் ரானா ஹெக்ஸாடாக்டைலா என்று இருந்தது. ரெக்கார்ட் நோட்டில் அதையே எழுதினோம். தட்டில் கிடந்தது அதுதானா என்று ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

அவள் மறுபடி ஜாடிப் பக்கம் திரும்பி, கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, மங்கிய மையில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.