தேய்ந்த முழங்காலும் தேயாத அன்பும்



2025-ஆம் ஆண்டு ரமலானின் கடைசி வெள்ளிக்கிழமை அது. மார்ச் 28. பக்கத்து ஊர்ப் பள்ளியில் தராவீஹ் முடித்துக்கொண்டு, நாம் தங்கியிருந்த மாகறலுக்குத் திரும்பினோம். இரவு பத்தரை மணிக்கு மேலிருக்கும். பேருந்து நிற்கும் இடத்தில் ஏழெட்டு இளைஞர்கள் ஒரே செல்போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். அவர்களில் மூவர் நம்மிடம் ஓதிய பிள்ளைகள். தலையில் தொழுகைத் தொப்பி, உடலில் மஞ்சள் சட்டை.

திடீரென்று ஆரவாரம் எழுந்தது. ஒருவன் விசிலே அடித்துவிட்டான்.

“என்ன தம்பி, எதிரணி விக்கெட்டா?” என்று கேட்டோம்.

“இல்லீங்க ஹஜ்ரத், நம்ம ஆளுதான் அவுட். இனி தல வருவாரு!”

சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டம். எதிரணி பெங்களூர். அவுட்டாகிப் போனவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த அஸ்வின். வந்தவர் ராஞ்சியில் பிறந்த மகேந்திர சிங் தோனி. வயது நாற்பத்து மூன்று. ஒன்பதாவது ஆளாக இறங்கி, 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். சென்னை அணி 50 ஓட்டங்களில் தோற்றது. ஆனால் நம் பிள்ளைகள் தோற்றவர்களைப் போலவா வீட்டுக்குப் போனார்கள்? பெருநாள் பிறை கண்டவர்களைப் போலப் போனார்கள்!

ஆட்டம் பார்ப்பதைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கே பேச வரவில்லை. அதனை எழுத வேறு இடமுண்டு. நம் மனத்தைக் குடைந்தது வேறொரு கேள்வி. தளர்ந்துவிட்ட ஒருவர் மீது இப்பிள்ளைகள் வைத்திருக்கும் இந்த அன்பு, நம் பெரியோர்கள் ‘வஃபா’ என்று போற்றிய விசுவாசம்தானா? அல்லது அதன் சட்டையை அணிந்துகொண்ட வேறொன்றா?

அன்பின் வேர்

முதலில் நீதியாகப் பேசுவோம். இந்த அன்பை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அதன் வேரை அறியாதவர்கள். 2008-ல் சென்னை அணிக்கு வந்தபோது தோனிக்குத் தமிழ் தெரியாது. இந்த மண்ணோடு உறவுமில்லை. ஆயினும் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை அவர் தலைமையில் கோப்பை வந்தது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணி தடை செய்யப்பட்டிருந்தபோதும் மக்கள் அதனை மறக்கவில்லை. தடை நீங்கித் திரும்பிய 2018-ல் காவிரிப் போராட்டத்தின் காரணமாக ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சென்னையிலிருந்து தனி ரயிலில் அங்கே போனார்கள். இரத்த உறவில்லை, மொழி உறவில்லை, கூலியும் இல்லை. மனிதன் மனிதனிடம் இப்படி ஒட்டிக்கொள்வதில் ஓர் அழகிருக்கிறது, மறுப்பதற்கில்லை.

பிறகு முழங்கால் தேய்ந்தது. 2023 முழுவதும் இடது முழங்காலின் வலியோடு ஆடினார். என்னை அதிகம் ஓடவைக்காதீர்கள் என்று சக ஆட்டக்காரர்களிடம் சொல்லி வைத்திருப்பதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவ்வாண்டு கோப்பையை வென்ற சில நாட்களில் மும்பையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2024-ல் தலைமைப் பொறுப்பை ருதுராஜ் கெய்க்வாட்டிடம் கொடுத்தார். 2025-ல், நாம் சொன்ன அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, இவரது முழங்கால் பழைய முழங்காலல்ல, பத்து ஓவர்கள் ஓடி ஆட இவரால் இயலாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அணி, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது.

“பயன் தீர்ந்தது, தூக்கி எறியுங்கள்” என்று உலகம் சொல்லும். அந்த உலகத்தோடு நாம் சேர மாட்டோம். யாசித்து நின்ற ஒரு யூத முதியவரைக் கண்ட கலீபா உமர் (ரலி) அவர்கள், அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள்; பின்னர் பைத்துல்மாலிலிருந்தும் அவருக்குக் கொடுக்கச் செய்தார்கள். இவருடைய இளமையில் பயனடைந்துவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அபூயூசுஃப் இமாமவர்கள் இதனைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். பயன் தந்தவனைப் பயன் தீர்ந்த பின்னும் மறவாதே என்னும் இப்பாடத்தின் ஓர் எழுத்தையாவது அந்தப் பேருந்து நிறுத்தத்துப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். அந்த அளவில் அவர்களுக்கு நம் வாழ்த்து!

உரைகல்லில் உரைத்தால்

ஆனால் பொன் என்று சொல்லப்படுவதையெல்லாம் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டுமன்றோ?

முதல் உரை: நம் அன்பு, இன்னொருவனுக்கு அநீதியாகிறதா? தோனிக்கு முன்னால் ஆட வருபவன் எப்போது அவுட்டாவான் என்று அவனுடைய சொந்த அரங்கமே காத்திருக்கிறது. தாம் இன்னும் முன்னதாக இறங்கினால் எப்போது அவுட்டாவேன் என்றே மக்கள் காத்திருப்பார்கள் என 2023-ல் ரவீந்திர ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்ததென்பதை அல்லாஹ்வே அறிவான். அதே மாதம் இறுதி ஆட்டத்தில் தோனி முதல் பந்திலேயே அவுட்டாகிவிட, கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அந்த ஜடேஜாதான்! யாருடைய வீழ்ச்சிக்காக நாம் காத்திருந்தோமோ அவர் கையாலேயே நமக்கு வெற்றி வந்தது. சகோதரனின் வீழ்ச்சியில் மகிழ்வதை நம் மார்க்கம் வன்மையாகத் தடுக்கிறது. இங்கே அந்த மகிழ்ச்சிக்கு அன்பு என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

இந்தச் சேப்பாக்கம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? 1999-ஆம் ஆண்டு ஜனவரி 31-ல் பாகிஸ்தான் அணி 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்றது. முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் அவுட்டாகி, கைக்கெட்டிய வெற்றி நழுவிப்போன நாள் அது. சென்னை மக்கள் எழுந்து நின்று, வென்ற எதிரணிக்குக் கை தட்டினார்கள். எதிரியின் திறமைக்கு எழுந்து நின்ற அதே அரங்கம், தன் சொந்த ஆட்டக்காரன் அவுட்டாகும்போது ஆர்ப்பரிக்கிறதென்றால், அன்பு வளர்ந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா?

இரண்டாவது உரை: நம் அன்பு அவரைச் சுமக்கிறதா, அவர் மேல் நாம் ஏறிக்கொள்கிறோமா? 2023 கோப்பைக்குப் பின், ஓய்வை அறிவிக்க இதுவே சரியான நேரம், ஆனால் இத்தனை அன்பு காட்டிய ரசிகர்களுக்குப் பரிசாக இன்னோர் ஆண்டு ஆட முயல்வேன் என்ற கருத்தில் தோனி பேசினார். அவர் பரிசென்று கொடுத்தார். நாம் அதனைக் கடனாக எழுதிக்கொண்டு ஆண்டுதோறும் வசூலிக்கிறோம். ஒரே ஒரு சிக்ஸர், அதைக் கண்டுவிட்டால் போதும் என்கிறோம். அந்தச் சிக்ஸருக்குப் பின்னால் அந்த முழங்கால் இரவில் எப்படித் துடிக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

மூன்றாவது உரை: இறைவன் வகுத்த நியதியை ஏற்கிறோமா? நாயகம் (ஸல்) அவர்களிடம் ‘அள்பா’ என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் எந்த ஒட்டகமும் அதனை முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களின் முகம் வாடிவிட்டது. விசிறிகளின் வருத்தம் நம் காலத்தில் தோன்றியதென்று எண்ண வேண்டாம்! அந்த வாட்டத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கடியவில்லை. உலகில் எது உயர்ந்தாலும் அதனைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று ஆறுதல் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இருக்கிறது. முந்திய இளம் ஒட்டகத்தின் மீது கோபமில்லை. பிந்திய அள்பாவின் மீது இகழ்ச்சியுமில்லை. இந்த நடுநிலைதான் நமக்குக் கைவரவில்லை.

படைத்தலைவர் காலித் (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. வெற்றி காலிதால்தான் வருகிறது என்று மக்கள் மயங்கிவிடக் கூடாதென அஞ்சி, உமர் (ரலி) அவர்கள் அவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காலித் (ரலி) அவர்களோ அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையின் கீழ் நின்று போர் புரிந்தார்கள். இறங்கத் தெரிந்தவர்களுக்கு இறங்குவதில் இழிவில்லை. இறக்கிவிடத் தெரியாத கூட்டம்தான் அவர்களுக்குச் சோதனை.

நம் வீட்டு முழங்கால்கள்

இவ்வளவும் எழுதிவிட்டு நம் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நாம் இமாமாக இருந்தோம். அப்பள்ளியின் மோதினார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாங்கு சொன்னவர். அவ்வூரில் பாதிப் பேருக்கு, பிறந்த அன்று காதில் பாங்கு சொன்ன குரல் அவருடையதுதான். சஹருக்குத் தெருத்தெருவாக எழுப்பியவர். மய்யித்து விழுந்தால் நள்ளிரவிலும் சந்தூக்கைத் துடைத்து வைத்தவர். ஹவ்ளுக்குத் தண்ணீர் இறைத்தும் படி ஏறி இறங்கியும் முழங்கால் இரண்டும் போய்விட்டன. குரலும் கம்மியது. ஃபஜ்ருக்குப் பாங்கு இரண்டு மூன்று நிமிடம் பிந்தலாயிற்று.

நிர்வாகக் குழு கூடியது. “வேற ஆளப் பாத்துக்கலாம், நீங்க என்ன சொல்றீங்க ஹஜ்ரத்?” என்று கேட்டார்கள். கேட்டவர்களில் கெட்டவர் எவருமில்லை. நாம், “ஜமாஅத்தின் முடிவே என் முடிவு” என்றோம். எவ்வளவு பாதுகாப்பான சொல்! ஒரு சால்வை, கொஞ்சம் ரொக்கம், ஒரு துஆ. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாளும் அவர் பள்ளிக்கு வந்தார். கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். புதிய பிள்ளை மைக்கில் பாங்கு சொல்லச் சொல்ல, அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாங்குக்குப் பதில் சொல்வது எல்லோருக்கும் உரியதுதான். ஆனால் அந்த உதட்டசைவை அன்று நம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாகறல் நிறுத்தத்தில் பிள்ளைகளின் ஆரவாரத்தைக் கேட்ட இரவில் நம் நினைவுக்கு வந்தவர் அவர்தான். முழங்கால் தேய்ந்த ஆட்டக்காரருக்கு எழுந்து நின்ற ஊர்களில், முழங்கால் தேய்ந்த மோதினாருக்கு எழுந்து நிற்க நாமே முன்வரவில்லையே!

அவரையே தொடர்ந்து படியேறச் சொல்லியிருக்க வேண்டுமா? இல்லை. அதுவும் கொடுமைதான், பாங்கும் நேரத்துக்கு வேண்டுமே. சம்பளத்தை நிறுத்தாமல் வைத்திருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்க உட்கார வைத்திருக்கலாம். முடிகிற நாளில் ஜும்ஆ பாங்கை மட்டும் அவரிடம் விட்டிருக்கலாம். புதிய பிள்ளையை அவர் கையாலேயே மைக்கின் முன் நிறுத்தியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு வலீமா விருந்தில் மிஞ்சும் சோற்றின் விலைகூட இராது. நமக்குத் தோன்றவில்லை, தோன்றுவதற்கு முன் “முடிவு” எடுத்துவிட்டோம்.

விசுவாசம் என்பது இதுதான் என்று நமக்கு இப்போது படுகிறது. தளர்ந்தவரைப் பழைய இடத்திலேயே பிடித்து நிறுத்துவதும் விசுவாசமல்ல. கழற்றி எறிவதும் அல்ல. தளர்ந்த நிலையில் அவருக்கு எந்த இடம் பொருந்துமோ அதனைத் தேடிக் கொடுப்பதும், புதிதாக வந்தவனின் உரிமையைப் பறிக்காதிருப்பதுமே விசுவாசம். கை தட்டுவதைவிட இது கடினம். இதற்குக் கைக்காசும் பொறுமையும் வேண்டும்.

அடுப்படியில் நின்று நின்று முழங்கால் வீங்கிய தாய் நம் வீட்டில் இருக்கிறாள். “முன்ன மாதிரி சமையல் இல்லையே” என்று தட்டைத் தள்ளுகிறோம். செங்கல் சுமந்து மகனைப் படிக்க வைத்த அத்தா திண்ணையில் இருக்கிறார். அவர் பழைய கதையைத் தொடங்கினால் செல்போனைத் திறக்கிறோம். அதில் ஓடுவது தளர்ந்த ஓர் ஆட்டக்காரரின் ஆட்டம். அதற்குக் கண் கலங்குகிறோம்!

சில நாள் கழித்து, அம்மூன்று பிள்ளைகளில் ஒருவன் நம்மிடம் கேட்டான்: “அப்போ தோனிக்குக் கை தட்டக் கூடாதா ஹஜ்ரத்?”

“தட்டு தம்பி. அவர் போற அன்னிக்கு எந்திரிச்சு நின்னே தட்டு. ஆனா அவருக்கு முன்னாடி அவுட்டாகிப் போறவனுக்கும் ரெண்டு தட்டு தட்டிடு. அப்புறம் வீட்டுக்குப் போய் அத்தா காலைக் கொஞ்சம் பிடிச்சு விடு” என்றோம்.

அவன் சிரித்தான். பிறகு, “அத்தாவுக்கு இடது கால்தான் ஹஜ்ரத், அவருக்கும்” என்றான். நாம் வேறெதுவும் சொல்லவில்லை.

உயர்த்துபவனும் தாழ்த்துபவனுமாகிய வல்ல ரஹ்மான், நம்மோடு உழைத்துத் தளர்ந்தவர்களை மறவாத நெஞ்சை நமக்குத் தருவானாக! நாம் தளரும் நாளில் நம்மை மறவாதவர்களையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.