சாலைச் சந்தியும் தலைவிதியும்

சைக்கிளில் சென்ற ஒருவன் பேருந்தின் பின்சக்கரத்தில் அகப்பட்டு மாண்டான் என்று கேட்டவுடன், "அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்று பெருமூச்செறிந்து அப்பால் போவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அச்சொல்லில் பரிவு இல்லாமலில்லை. ஆயினும், தனக்கு வந்த துன்பத்தை ஒருவன் தாங்கிக்கொள்வதற்குத் துணையாக நிற்கும் கர்ம சித்தாந்தத்தை, பிறனுக்கு வரவிருக்கும் துன்பத்தைத் தடுக்காமலிருப்பதற்குச் சமாதானமாகக் கொள்வது, அச்சித்தாந்தத்துக்கே இழைக்கும் அபசாரம் என்பேன்.

சென்னையில் சர்தார் படேல் சாலையிலிருந்து ராஜீவ் காந்தி சாலை பிரியுமிடத்தில், பாதி விநாயகரும் பாதி ஆஞ்சநேயருமாக ஆத்யந்தப் பிரபு எழுந்தருளியிருக்கும் மத்திய கைலாசக் கோயிலருகே சற்று நின்று பாருங்கள். தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் கொத்தனார், சன்னிதியை நோக்கி ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுகையால் சைக்கிளைச் சமாளித்தபடி வாகன வெள்ளத்தில் இறங்குவார். நீண்ட பேருந்து இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் செல்லாமல் மூலையை ஒட்டி உட்புறமாக வருகிறது. வலப்புறம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கோ, இடப்புறம் ஒட்டி வரும் சைக்கிள் எளிதில் தென்படுவதில்லை. மூலை அகன்று வளைந்திருந்தால், வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு நேர்வதில்லை. பிராரப்தத்தைத் தேடுமுன் இந்த க்ஷேத்திர கணிதத்தையன்றோ நாம் பார்க்க வேண்டும்?

திருவாரூர் வீதியில் கன்றின்மேல் இளவரசனின் தேர்க்கால் ஏறியபோது, அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அமைச்சர்கள் அறிவர்; பிராயச்சித்தம் போதும் என்றும் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் அதற்கு இசையவில்லை என்கிறது பெரியபுராணம். மைந்தனுக்கு அவன் விதித்த கொடிய தண்டனையைவிட, தன் வீதியில் நேர்ந்த மரணத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட மறுத்த அந்த உறுதியிலேதான் என் மனம் தோய்கிறது. மனிதன் தவறு செய்யும் இயல்பினன், அத்தவறுக்கு உயிரே விலையாகாதபடி சாலையைச் சமைப்பது சமைப்பவர் கடமை என்று 1997-இல் ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் ஏற்றதிலும் அவ்வுறுதியையே காண்கிறேன்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முதலிடம் தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றிருப்பதால், மூலையில் திட்டு எழுப்பி வளைவை இறுக்குவதையும், சைக்கிள்கள் ஓட்டுநரின் கண்ணெதிரே நிற்கும்படி முன்னால் ஒரு கோடு இடுவதையும், பச்சை விளக்கைச் சைக்கிளில் செல்வோருக்குச் சில வினாடி முன்னதாகத் தருவதையும் நாம் சலுகையாகக் கேட்கவில்லை. மோட்டாரில் செல்வோர் சற்றுத் தாமதிக்க நேரும் என்பது மெய். அதை மறைக்காமல் அவர்களிடம் சொல்லியே இவ்வேலையைத் தொடங்கலாம், முதலில் மத்திய கைலாசத்தில்.