ஒன்றாய், வேறாய், உடனாய்

பலருக்கும் பொதுவாக நிற்கும் ஒரு பொருள் ஒவ்வொருவரிடத்தும் குறைவின்றித் தொழிற்படும்போது, அதை அவரவர்க்கு உரியது என்பதா, ஒருவர்க்கும் உரியதன்று என்பதா என்னும் வினா, காவிரியின் தென்கரையில் திருவாவடுதுறையிலும் மயிலாடுதுறையை அடுத்த தருமபுரத்திலும் சித்தாந்த சாஸ்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லி வந்த பெரியோர்க்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரம், இவ்வினாவை இறைவனுக்கும் உயிர்களுக்கும் உள்ள சம்பந்தத்தில் வைத்து விசாரிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் அதை விரித்துரைத்தார். கலப்பினால் ஒன்றாதல், பொருட்டன்மையால் வேறாதல், உயிருக்கு உயிராய் நின்று செலுத்துதலால் உடனாதல் என்ற மூன்றும் ஒருங்கே பொருந்தினாலன்றி அச்சம்பந்தம் விளங்காது என்பது அவர்கள் கண்ட முடிவு. இன்று தஞ்சைத் தரணியிலிருந்து கணினித் துறைக்குச் செல்லும் இளைஞர்கள் தினந்தோறும் கையாளும் ஒரு சாதனத்தை நினைக்கும்தோறும், இந்த மூன்று சொற்களே என் முன் வந்து நிற்கின்றன.

அச்சாதனமாவது, மென்பொருளாளர் லைப்ரரி என்றும் மாட்யூல் என்றும் வழங்கும் பொது நிரல்கூறு. தனித்தனியே எழுதப்பட்டு, ஒன்றையொன்று அறியாத பல செயலிகள், தமக்கு வேண்டிய ஒரு காரியத்துக்கான நிரலைத் தாமே எழுதிக்கொள்ளாமல், வேறொருவர் எழுதி வைத்த கோப்பை ஓடத் தொடங்கும் வேளையிலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதோ நினைவகத்தில் ஏற்றி, அதன் வழியாக அக்காரியத்தை முடித்துக்கொள்கின்றன. 1960-களில் மல்டிக்ஸ் என்ற இயக்குதளத்தை அமைத்தவர்கள் வகுத்துக் காட்டிய இம்முறை, இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழர்க்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 'கொள்ளிடம்' என்ற ஆற்றுப் பெயரைக் கணினியில் அடிக்கிறோம். யூனிகோடு முறைப்படி அது ஒன்பது குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. முதலில் ககரம், அதன் பின் ஒகர உயிர்க்குறி ஒரே குறியாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரிய வேண்டியதோ வேறு: ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் அதற்குப் பின்னும் வர வேண்டும். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை முன்னே கொண்டுபோய் வைத்து, அடுத்து வரும் ளகரத்தின் தலையில் புள்ளியை ஏற்றி, அதற்கடுத்த ளகரத்தோடு இகர விசிறியைப் பொருத்தும் இந்த நுண்ணிய வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் பொது நிரல்கூறு. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் முன்னின்று வளர்த்த இது, கட்டற்ற மென்பொருளாக யார்க்கும் கிடைப்பது. டெபியன் லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றில், கடிதம் எழுதும் லிப்ரே ஆபீஸும் குறிப்பெழுதும் சிறு தொகுப்பியும் ஒரே நேரத்தில் திறந்திருக்குமானால், இரண்டும் வட்டிலுள்ள ஒரே ஹார்ஃப்பஸ் கோப்பையே ஏற்றிக்கொண்டு தமிழைக் காட்டுகின்றன.

இங்கேதான் அந்த மூன்று சொற்களும் தம் பொருளை விளக்குகின்றன. அக்கோப்பின் கட்டளைப் பகுதிக்கு நினைவகத்தில் ஒரு பிரதியே உண்டு. ஆயினும் ஒவ்வொரு செயலியும் அதைத் தன் முகவரி வெளிக்குள்ளேயே காண்கிறது, தன் சரீரத்தின் ஓர் உறுப்பாகவே அழைக்கிறது. இது ஒன்றாதல். செயலியை எழுதியவர் வேறு, நிரல்கூற்றை எழுதியவர் வேறு. செயலி மாறாதிருக்க நிரல்கூறு புதிதாகலாம், செயலி அழிய நிரல்கூறு நிலைக்கலாம். இது வேறாதல். செயலி ஓடும்போது கூடவே இருந்து, அழைத்த கணத்தில் எழுந்து காரியம் செய்து, மீண்டும் அமைவது உடனாதல். தரவுப் பகுதியின் நிலை இதனினும் வியப்பானது: செயலி ஒன்று அதில் ஒரு மதிப்பை மாற்ற முனைந்த மாத்திரத்தில், இயக்குதளம் அந்தப் பக்கத்தை மட்டும் தனியே பிரதி செய்து அச்செயலியின் பங்காகக் கொடுத்துவிடுகிறது. கட்டளை எல்லார்க்கும் ஒன்று. வினையும் வினைப்பயனும் அவரவர்க்கு வேறு.

ஆனால் சித்தாந்தம் முறையாகக் கற்றவர் இந்த ஒப்புமையை இவ்வளவில் ஏற்கமாட்டார். அவர் மறுப்பதே நியாயம். இறைவன் சித்து, நிரல்கூறோ ஜடம். தானே அறியாத ஒன்றைப் பதியாகிய இறைவனின் ஸ்தானத்தில் வைப்பது தத்துவத்துக்கு இழுக்கு. தனு, கரணம், புவனம், போகம் என்று மாயையிலிருந்து உயிர்களுக்கு அளிக்கப்பட்ட கருவிகளின் வரிசையில்தான் அதற்கு இடம். இந்தத் திருத்தத்தால் வாதம் குறைவுபடவில்லை, வலுவே பெறுகிறது என்பது என் கருத்து. நாம் தொழத்தக்கதன்று அது, நமக்குத் தரப்பட்டது. தரப்பட்ட பொருள் என்றால் தந்தவர் ஒருவர் உண்டு. அதைப் பேணும் கடன் பெற்றவர்க்கும் உண்டு.

இந்தக் கடனைத் தட்டிக்கழிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. பொதுக் கோப்பை நம்பாமல், அதன் பிரதி ஒன்றைத் தன் செயலிக்குள்ளேயே கட்டிக்கொள்வது அவ்வழி. ஃபயர்பாக்ஸும் குரோமும் ஹார்ஃப்பஸை அவ்வாறே தம்முள் வைத்திருக்கின்றன. பல இயக்குதளங்களில் ஒரே தன்மையாக ஓடவேண்டிய செயலிக்கு அது அவசியமே; பிறர் செய்யும் மாற்றத்தால் தன் காரியம் கெடாது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு. ஆயினும் பொதுக் கோப்பில் ஒரு பிழை திருத்தப்பட்டால், அதை ஏற்றும் அத்தனை செயலிகளும் அடுத்த முறை திறக்கும்போதே திருந்திவிடுகின்றன. பிரதியைத் தன்னுள் கட்டிக்கொண்ட செயலி, அதைக் காப்பவர் புதிய பிரதியைக் கொண்டுவந்து வைக்கும்வரை பழைய பிழையோடே இருக்கும். இப்பெரிய உலாவிகளை நடத்துவோர் அதற்கென ஆள் வைத்துச் செய்கிறார்கள். ஆளும் பொருளும் இல்லாத சிறு திட்டங்கள் பல, ஒருமுறை எடுத்த பிரதியை மறந்தே போகின்றன. வேறாதலை மட்டும் பற்றிக்கொண்டதன் பலன் இது.

ஒன்றாதலை மட்டும் பற்றிக்கொண்டு, தந்தவரை மறந்ததன் பலனை உலகம் 2024 மார்ச்சில் கண்டது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற தொகுப்பைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் ஊதியமின்றி நெடுங்காலம் தனியே பேணிவந்தார். அவர் தளர்ந்திருந்த காலத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் துணைக்கு வந்து, இரண்டாண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் கள்ளவாசல் ஒன்றை மறைத்து வைத்தார். கணினிகளுக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். சேவை அத்தொகுப்பிலுள்ள நிரல்கூற்றை ஒருபோதும் கேட்டதில்லை. சில லினக்ஸ் வழங்கல்கள் அச்சேவையோடு இணைத்த வேறொரு நிரல்கூறு அதைத் தன்னோடு அழைத்து வந்தது. உள்நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரின் விழிப்பினால், அது உலகெங்கும் பரவுமுன் பிடிபட்டது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது என்று மெய்கண்டார் மரபினர் சொல்லும் இலக்கணம், அறிவற்ற இயந்திரத்தின் விஷயத்திலும் எவ்வளவு கடுமையாகப் பலிக்கிறது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. வஞ்சித்தவர் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எண்ணற்ற கணினிகள் ஏற்றிக்கொண்ட ஒன்றை ஒரே மனிதரின் ஓய்வு நேரத்தில் விட்டுவைத்திருந்த நம் அலட்சியம் இல்லாமல், அந்த வஞ்சகம் நுழைந்திருக்க இடமில்லை.

டெல்டாவில் பிறந்தவர்க்கு, பெற்றதைப் பேணும் இந்தத் தர்மத்தைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும், 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த புது ஆறாகவும் பிரிந்து ஓடும் நீர், கிளை வாய்க்கால்களில் இறங்கித் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், தண்ணீர் திறக்குமுன் வாய்க்காலைத் தூர் வாரியாக வேண்டும். பாய்ச்சல் பெறும் ஒவ்வொரு குடியும் அதற்கு ஆள் அனுப்புவது குடிமராமத்து என்ற பழைய வழக்கம். 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதை ஏட்டிலும் ஏற்றியது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கியது. சட்டத்தின் வலுவந்தத்தை நான் போற்றவில்லை. தண்ணீர் பெறுவோனே தூர் வாரவும் கடமைப்பட்டவன் என்ற அந்த ஏற்பாட்டின் அடிப்படை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. பொது நிரல்கூற்றுக்கும் கடைமடை உண்டு. பெரிய மொழிகளில் ஏற்படும் பிழை பலர் கண்ணில் பட்டு உடனே திருத்தப்படும். தமிழில் கொம்பு இடம் மாறினாலோ, புள்ளி விலகினாலோ, தமிழ் படிப்பவன் சொன்னாலன்றி அதைப் பேணுபவர்க்குத் தெரிய வழியில்லை.

ஆகையால் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் நிரல் எழுதும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் திட்டம் எந்தப் பொது நிரல்கூறுகளை ஏற்றுகிறது, அவை வேறு எவற்றைத் தம்மோடு அழைத்து வருகின்றன, அவற்றைப் பேணுபவர் யார் என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். தமிழ் எழுத்து எங்கேனும் உடைந்து தெரிந்தால், உங்கள் செயலியில் மட்டும் ஒட்டுப்போட்டு நிறுத்திவிடாமல், எந்தச் சொல், எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு என்று குறித்து அவர்களுக்கே எழுதி அனுப்புங்கள். திருத்தமும் தெரியுமானால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.